உங்கள் கோல் கம்பத்துக்கு என் மகள்தானா கிடைத்தாள்?

மோலோய், நார்வே
மார்ச் மாதத்து ஞாயிறு, மழை

அன்புள்ள சுன்வாவுக்கு,

உன் அண்ணி குன்வோர் எழுதிக்கொள்வது. விவாகரத்து உன் அண்ணனோடுதானே தவிர உன்னோடு இல்லை என்று நீயே சொல்லியிருப்பதால் அண்ணி என்றே எழுதுகிறேன். இங்கே நானும் மகள் மார்யூனும் சுகம். அங்கே நீயும் யோக்வானும் உங்கள் ஆடுகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அத்தையின் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? கிறிஸ்துமஸுக்கு அவர் பின்னி அனுப்பிய காலுறைகளைத்தான் இப்போதும் போட்டிருக்கிறேன், கதகதப்பாக இருக்கின்றன, நன்றி சொல். உங்கள் ஊர் கிளாக்ஸ்விக்கில் காற்று பலமாம், இரண்டு வீட்டுக் கூரை பறந்ததாமே, உங்களுடையது தப்பித்ததில் மகிழ்ச்சி.

மரியாதைக்குக் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன். உனக்கு வெட்கமாக இல்லையா?

அக்டோபரில் ஒரு பார்சல் அனுப்பினாயே, ஞாபகம் இருக்கிறதா? அண்ணிக்குக் குளிருக்கு ஒரு ஸ்வெட்டர், மார்யூனுக்குப் பிடிக்குமே என்று காற்றில் உலர்த்திய ஆட்டுத் தொடை. நானும் ஒரு முட்டாள், நாத்தனாருக்கு நம்மேல் எவ்வளவு பாசம் என்று கண் கலங்கிப் பிரித்தேன். அந்தத் தொடையின் நாற்றம் படிக்கட்டு முழுக்கப் பரவி, கீழ் வீட்டு ஓட்னி வந்து கதவைத் தட்டி, "சாக்கடை எங்கயோ உடைஞ்சிருக்கு போல, நகராட்சிக்குச் சொல்லட்டுமா?" என்று கேட்டாள். சாக்கடை இல்லை, எங்கள் சொந்தக்காரர் அனுப்பிய சாப்பாடு என்று நான் சொன்னபோது அவள் என்னைப் பார்த்த பார்வையை இன்றுவரை மறக்க முடியவில்லை. அதையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் அந்தத் தொடைக்கு அடியில், பிளாஸ்டிக் உறையில் சுற்றி, என் கண்ணில் படாமல் மார்யூன் கண்ணில் படும்படி உங்கள் நாட்டுக் கோல்கீப்பரின் மஞ்சள் ஜெர்சி வைத்திருந்தாயே சுன்வா, முதுகில் ஒன்று என்ற எண்ணோடு, அதற்கு மேலே என் மகளின் பெயரோடு. கேட்டால், சும்மா ஞாபகத்துக்கு என்றாய். ஞாபகத்துக்கு அனுப்புகிறவர்கள் போட்டோ அனுப்புவார்கள், சாவிக்கொத்து அனுப்புவார்கள். யாராவது ஒரு நாட்டின் கோல் கம்பத்தையே ஞாபகத்துக்கு அனுப்புவார்களா?

உங்கள் ஃபாரோ தீவு நாட்டைக் குறை சொல்லவில்லை. நல்ல நாடு. ஆட்களைவிட ஆடுகள் அதிகம், அவ்வளவுதான். அந்த இருக்கிற கொஞ்ச ஆட்களில் பந்து பிடிக்கத் தெரிந்த ஒரு பெண் கிடைக்கவில்லையா? உங்கள் அணி ஜெர்சியில் பெயர் தைப்பதும் நீ, இடைவேளைக்குக் கேக் சுடுவதும் நீ, வெளியூர் போகும்போது வேன் ஓட்டுவது உன் புருஷன் யோக்வான். எல்லாவற்றையும் குடும்பத்துக்குள்ளேயே முடித்துக்கொள்கிற பழக்கத்தில் கோல்கீப்பரையும் குடும்பத்துக்குள்ளேயே தேடிவிட்டீர்கள். தேடும்போது இந்தக் குடும்பத்தில் நானும் ஒருத்தி என்பது யாருக்கும் தோன்றவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவளைக் கோல்கீப்பர் ஆக்கியது யார் சுன்வா? ஏழு வயதில் மைதானத்துக்குக் கூட்டிப்போனேன். வேறு யாரும் நிற்க மாட்டேன் என்றதால் இவளைக் கம்பத்துக்கு நடுவில் நிறுத்தினார்கள். அன்று வந்த முதல் பந்தையே முகத்தால் தடுத்தாள். மூக்கில் ரத்தத்தோடு என்னைப் பார்த்துச் சிரித்தாள். போச்சு, இவள் இனி வேறு எதற்கும் ஆகமாட்டாள் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு இந்தக் கடற்கரை முழுக்க, எந்தெந்த ஊரில் மைதானம் என்ற பெயரில் ஒரு சதுப்பு நிலம் இருக்கிறதோ அங்கெல்லாம் பனியிலும் ஆலங்கட்டியிலும் காரில் கொண்டுபோய், படகுக்குக் காத்து நின்று, படகைத் தவறவிட்டு, ஈரக் கையுறைகளை என் வயிற்றோடு அணைத்துக் காய வைத்து, அடுத்த நாள் காலையில் பல் ஆஸ்பத்திரியில் வேலைக்கும் போய் நின்றேன். உன் அண்ணன் அப்போது எங்கே இருந்தார்? ஒரு மீன்பிடிப் பருவம் மட்டும் ஊருக்குப் போய் வருகிறேன் என்று அவளுக்கு ஆறு வயதில் போனவர். அந்தப் பருவம் இன்னும் முடியவில்லை.

அவர் போன் பண்ணினார், சொன்னாரா உன்னிடம்? சொல்லியிருக்க மாட்டார். நான் சொல்கிறேன் கேள்.

"குன்வோர், எப்படி இருக்க? நம்ம பொண்ணு நம்ம நாட்டுக்கு ஆடப் போறாளாமே!" என்றார், நேற்றுத்தான் கடைக்குப் போய்விட்டு வந்தவர் மாதிரி.

"நம்ம பொண்ணு, நம்ம நாடு. இதுல நான் எந்த 'நம்ம'ல இருக்கேன்?"

"கோவப்படாத. ரத்தம்னு ஒண்ணு இருக்குல்ல."

"இருக்கு. மூக்கு உடைஞ்சப்ப வந்துச்சு, முட்டி கிழிஞ்சப்ப வந்துச்சு. நான்தான் தொடைச்சேன். நீ எங்க இருந்த?"

"கடல்ல இருந்தேன்."

"இத்தனை வருஷமுமா?"

"மீனு வேற பக்கம் போயிடுச்சு குன்வோர், நான் என்ன பண்ணுவேன்?"

"சரி ஹானுஸ், உன் பொண்ணு மைதானத்துல எந்த இடத்துல ஆடுறான்னு சொல்லு பாப்போம்" என்றேன். அவர் மெதுவாக, "முன்னாடிதானே?" என்றார். போனை வைத்துவிட்டேன். வைத்த வேகத்தில் அதன் கண்ணாடி விரிசல் விட்டது. அதுவும் உன் அண்ணன் கணக்கில்தான்.

ஊரில் தலை காட்ட முடியவில்லை. இந்த மோலோயிலிருந்து நார்வே அணியின் உடையைப் போட்ட முதல் பெண் என்று மே மாதத் தேசிய தின ஊர்வலத்தில் மேயர் அவள் பெயரைச் சொல்லிக் கை தட்ட வைத்தார். நான் பாரம்பரிய உடையில் வெள்ளிப் பொத்தான்கள் மின்ன, முன் வரிசையில் நின்று அழுதேன். இப்போது பார்க்கிறவர்கள் எல்லாம் கருத்துச் சொல்கிறார்கள். ரொட்டிக் கடைக்காரர், "நார்வே சோறு போட்டு வளர்த்துச்சு, அங்க போயி ஆடுறாளே" என்கிறார். சோறு போட்டது நான், அவருடைய கடை ரொட்டியை அவள் தொடவே மாட்டாள், காய்ந்து கிடக்கும். நூலகத்துப் பெண் எதிர்க் கட்சி, "பாவம், அப்பாவோட நாட்டைத் தேடிப் போறா, எவ்வளவு அழகா இருக்கு" என்று கண்ணைத் துடைக்கிறாள். இரண்டு பேரையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டலாம் போல இருக்கிறது.

கடைசியில், வாயைத் திறந்து வைத்திருப்பவர்களிடம் மட்டும்தான் நான் நிம்மதியாகப் பேச முடிகிறது, அவர்களால்தான் பதில் சொல்ல முடியாது. போன வாரம் ஒரு கிழ மீனவர் கடைவாய்ப் பல்லுக்கு வந்திருந்தார். டாக்டர் பல்லைக் குடைந்துகொண்டிருக்க, நான் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு என் கதையை எல்லாம் கொட்டினேன். உன் அண்ணன் பேச்சு வந்த இடத்தில் அந்த ஆள், வாயில் குழாயோடு, இரண்டு கட்டை விரலையும் உயர்த்தி "ஃபா... ரோ..." என்றார். என்னை அறியாமல் குழாய் அவர் நாக்கைப் பிடித்துக்கொண்டது. வேண்டுமென்று செய்யவில்லை என்று பைபிள் மேல் சத்தியம் செய்யத் தயார். டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, "குன்வோர், நீங்க ரெண்டு நாள் வீட்டுல ரெஸ்ட் எடுங்க" என்றார். அந்த இரண்டு நாளில்தான் இந்தக் கடிதத்தை மனசுக்குள் எழுதினேன்.

மார்யூனிடம் பேசிப் பார்க்கவில்லையா என்று கேட்பாய். பேசினேன். சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே பேசினேன், நறுக்கிக்கொண்டே பேசினேன், அது கரியாகும்வரை பேசினேன்.

"ஏண்டி, நார்வே டீம்ல இடம் கிடைக்காதான்னு எத்தனை பேரு தவம் கிடக்கிறாங்க. உனக்கு என்ன கேடு?"

"அம்மா, அங்க நான் மூணாவது கீப்பர். மூணாவது கீப்பர் என்ன பண்ணுவான்னு உனக்குத் தெரியுமா?"

"தேசிய உடை போட்டிருப்பா!"

"போட்டுக்கிட்டுப் பந்து பொறுக்குவா. மத்தவங்க குடிச்ச தண்ணி பாட்டிலை அடுக்குவா. பாட்டுப் பாடும்போது வரிசைல நிப்பா, விசில் அடிச்சதும் உக்காருவா."

"கொஞ்சம் பொறுத்தா ரெண்டாவது ஆவ. இன்னும் பொறுத்தா முதல்."

"எனக்கு முன்னாடி இருக்கிற ரெண்டு பேருக்கும் என் வயசுதாம்மா. அவங்க கால் உடையணும்னு தினமும் சாமி கும்பிடவா?"

அந்த யோசனை எனக்கு ஏற்கனவே ஒருமுறை வந்திருந்தது.

"அங்க போனா வாரி வாரிக் கோல் வாங்குவடி. டிவியில உலகமே பாக்கும்."

"வாங்கிக்கிறேன். எனக்குக் கோல் வாங்கணும்மா."

"என்னது?"

"வாங்கினாத்தான் அடுத்ததைத் தடுக்க முடியும். ஒரு வருஷமா பெஞ்சுல இருக்கேன். ஒரு கோல்கூட விட்டதில்ல. ஒண்ணைக்கூடத் தடுத்ததும் இல்ல. நான் கீப்பரா, இல்ல டீமோட மேசை நாற்காலியா?"

இருபது வயதுப் பெண் கேட்கிற கேள்வியா இது? "உன் உடம்புல பாதி நான்டி. அந்தப் பாதி எந்த நாட்டுக்கு ஆடுறது?" என்றேன். அவள் என் கையிலிருந்து கத்தியை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, "ரெண்டு பாதியும் சேர்ந்துதாம்மா தாவும்" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றிலிருந்து அந்தக் கதவுக்குப் பின்னாலிருந்து நீ போனில் சொல்லிக்கொடுக்கிற ஃபாரோ வார்த்தைகள்தான் கேட்கின்றன. "என்னுது! என்னுது!" என்று கத்துகிறாள். "வெளிய போ!" என்று கத்துகிறாள். தடுப்பாட்டக்காரிகளுக்குச் சொல்ல வேண்டியதாம். சுவருக்கு இந்தப் பக்கம் துணி மடித்துக்கொண்டிருக்கிற எனக்கு, யார் யாரை வெளியே போகச் சொல்கிறார்கள் என்று எப்படித் தெரியும்?

சரி, நட்புப் போட்டிதானே, அதனால் ஒன்றும் முடிவாகிவிடாது, போய் ஆடிப் பார்க்கட்டும், அடிபட்டால் புத்தி வரும் என்று போன மாதம் உங்கள் தலைநகர் டோர்ஸ்ஹாவ்னுக்கு அனுப்பினேன். ஓட்னியையும் கூப்பிட்டு உட்கார வைத்து, வாஃபிள் சுட்டு, கம்ப்யூட்டரில் அந்த ஆட்டத்தைப் பார்த்தேன். அது ஆட்டமா? காற்றா அது, பேயா? என் பெண் பந்தை வைத்து ஓங்கி உதைக்கிறாள். பந்து போகிறது, போகிறது, நடுவானில் நின்று யோசிக்கிறது, திரும்பி அவள் தலைக்கு மேலாகவே வந்து கம்பத்துக்குப் பின்னால் விழுகிறது. எதிரணிக்குக் கார்னர். அந்தக் கார்னரில் கோல். "உங்க பொண்ணு அந்தப் பக்கம்தானே உதைச்சா? ஏன் பந்து வீட்டுக்கு வருது?" என்று ஓட்னி கேட்டாள். வாஃபிள் கரண்டியைக் கீழே வைக்கச் சொல்லி என்னையே நான் கெஞ்ச வேண்டியிருந்தது. மொத்தம் நான்கு கோல். நான்காவதுக்குப் பிறகு சேற்றில் முகம் புதைய விழுந்து கிடந்தாளே, பக்கத்தில் ஓடிவந்து தூக்கிவிட ஒருத்தியும் இல்லையே, எல்லாரும் சேற்றில்தான் கிடந்தார்கள். நான் கம்ப்யூட்டர் திரையைத் துடைத்தேன் சுன்வா. அவள் முகத்துச் சேற்றைத் திரையில் துடைத்தேன்.

அதுகூடப் போகட்டும். ஆட்டம் முடிந்ததும் மைக்கை நீட்டிக்கொண்டு ஒரு பெண் பார்வையாளர் பக்கம் போனாள். அங்கே யார்? கழுத்தில் மப்ளர், கையில் காபி, வாயெல்லாம் பல்லாக உன் அண்ணன். "கோல்கீப்பரோட அப்பா நீங்கதானா? இவ்வளவு திறமை எங்கிருந்து வந்துச்சு?" என்று அவள் கேட்கிறாள். இந்த மனிதர் கேமராவைப் பார்த்து, கொஞ்சங்கூடக் கண்ணை இமைக்காமல், "சின்ன வயசுலேயே படகுல நிக்க வெச்சு மீனைத் தூக்கிப் போடுவேன், பிடிப்பா. அப்படித்தான் பழக்கினேன்" என்றார். மீனாம்! பிடித்தாளாம்! அவளுக்கு மீன் வாடையே ஆகாது, சின்னதிலிருந்தே வாந்தி எடுப்பாள். அவள் படகில் ஏறியதே அவரை வழியனுப்ப ஒரு முறை. நான் வாஃபிள் கரண்டியை எறிந்தேன். அது உன் அண்ணன் மேல் படவில்லை, காபிக் குடுவை மேல் பட்டது. குடுவை போயிற்று, கம்ப்யூட்டர் நனைந்து போயிற்று, ஓட்னியின் வெள்ளைப் பாவாடை போயிற்று. அவள் இப்போது மாடிப்படியில் என்னைப் பார்த்தால் கைப்பிடிச் சுவரை ஒட்டிப் போகிறாள்.

இவ்வளவும் போக, அவள் திரும்பி வந்த அன்று விமான நிலையத்தில் உதடு வீங்கி, ஒரு கண் கறுத்து, நொண்டிக்கொண்டு வந்தாள். வந்தவள் என்னைக் கட்டிக்கொண்டு, "அம்மா, பதினொண்ணு தடுத்தேன், பாத்தியா?" என்றாள். நான் பார்த்தேன். பார்த்ததாகச் சொல்லவில்லை.

இப்போது விஷயத்தின் முடிவுக்கு வருகிறேன். ஏப்ரலில் அங்கே மால்டாவோடு நடக்கப்போவது நட்புப் போட்டி இல்லை. அதில் இறங்கிவிட்டால் விதிப்படி அவள் உங்களவள், திரும்பி வரக் கதவு இருக்காது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். அந்தத் தீவுக்கு ஒரு பருவம் என்று சொல்லிவிட்டுப் போன ஆளை நான் ஏற்கனவே ஒருமுறை துறைமுகத்தில் நின்று வழியனுப்பிவிட்டேன். இன்னொரு ஆளை அனுப்ப எனக்குத் தெம்பு இல்லை. இது பந்து விஷயம் மட்டும் என்று நீ நினைத்தால் உனக்குப் பந்தும் தெரியாது, என்னையும் தெரியாது.

அதனால் நீ செய்ய வேண்டியது இதுதான். அடிபட்ட உங்கள் பழைய கீப்பருக்குத் தோள்பட்டை சரியாகிவிட்டது என்று சொல். ஜெர்சி சுருங்கிவிட்டது என்று சொல். கோச் மனசு மாறிவிட்டார் என்று சொல். என்ன பொய் வேண்டுமானாலும் சொல், உங்கள் குடும்பத்துக்கு அது ஒன்றும் புதிதில்லை. ஆனால் அவளை வர வேண்டாம் என்று நீதான் சொல்ல வேண்டும். நான் சொன்னால் அவள் என்னை மன்னிக்க மாட்டாள். நீ சொன்னால் ஒரு வாரம் அழுதுவிட்டு மறந்துவிடுவாள். போன் பண்ணி, "அண்ணி, கோவிச்சுக்காதீங்க, பொண்ணு ஆசைப்படுறா" என்று குழைய வேண்டாம். நான் எடுக்க மாட்டேன். விரிசல் விட்ட கண்ணாடியில் உன் பெயரும் சரியாகத் தெரியாது.

அத்தைக்கு என் அன்பு. இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல். யோக்வானுக்கும், இந்த வருஷம் பிறக்கிற குட்டிகளுக்கும் என் வாழ்த்துகள். உன் அண்ணனுக்கு எதுவும் சொல்ல வேண்டாம், நான் செத்துவிட்டதாக நினைத்துக்கொள்ளட்டும். கர்த்தர் உங்கள் கூரைகளைக் காப்பாராக.

மிகுந்த கோபத்துடனும், இருந்தாலும் அன்புடனும்,
உன் அண்ணி
குன்வோர்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது போன் வந்தது. நம்பர் தெரியவில்லை, எடுத்துவிட்டேன். எங்கள் நார்வே அணியிலிருந்து ஒருவர். மார்யூன் அவருடைய போனை எடுக்கவில்லையாம், அதனால் அம்மாவைக் கூப்பிட்டாராம். இரண்டு கீப்பர்களில் ஒருத்திக்கு மணிக்கட்டு போய்விட்டதாம், ஏப்ரலில் முகாமுக்கு இவள் வர வேண்டுமாம். நான் எத்தனை நாளாகக் காத்திருந்த போன் இது! நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஆட வைப்பீங்களா?" என்றேன்.

"அது பாருங்க, ஆட்டத்துக்கு வேற ஒருத்தங்க இருக்காங்க. ஸ்ட்ரைக்கருங்க அடிச்சுப் பழக ஒரு ஆள் நிக்கணும்ல? மரியானுக்கு நல்ல அனுபவமா இருக்கும்."

"மரியான் யாரு?"

"உங்க பொண்ணுதாங்க."

"என் பொண்ணு பேரு மார்யூன்."

"ஆமா, ஆமா, அதுதான். அந்தச் சின்னத் தீவுக்குப் போயி அவங்க எதிர்காலத்தைக் கெடுத்துக்க வேணாம்னு நீங்க கொஞ்சம் எடுத்துச் சொன்னீங்கன்னா..."

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று எனக்கே முழுசாகத் தெரியவில்லை சுன்வா. என் குரல்தான் கேட்டது. "அது சின்னத் தீவு இல்ல, ஒரு நாடு! அந்த நாட்டோட கீப்பர் அவ! அந்தக் காத்துல நீங்க நின்னு ஒரு பந்து பிடிங்க பாப்போம்! அவளுக்கு அந்த வாரம் வேலை இருக்கு!" என்று கத்தி, போனை மேசையில் அறைந்தேன். இந்த முறை கண்ணாடி முழுசாகவே போய்விட்டது. திரும்பினால் சமையலறை வாசலில் மார்யூன், வாயில் ரொட்டியோடு.

"அம்மா, இப்ப நீ யாருக்காகப் பேசின?"

"வாயில இருக்கிறதை முழுங்கிட்டுப் பேசுடி" என்றேன்.

ஆகையால் மேலே எழுதியதை எல்லாம் கிழித்துப் போட்டுவிடு. மால்டா ஆட்டத்துக்கு எனக்கு ஓர் இடம் பிடித்து வை, கம்பத்துக்குப் பின்னால், காற்று வராத பக்கம் என்று ஒன்று அங்கே இருந்தால். உன் வீட்டிலேயே தங்குகிறேன், ஆட்டுத் தொடையும் சாப்பிடுகிறேன். உன் அண்ணனைப் பற்றி எழுதிய பக்கங்களை மட்டும் கிழிக்காதே. தனியாக எடுத்து வை. நான் வந்ததும் அவரைச் சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்து, நீ படி, நான் பக்கத்தில் நிற்கிறேன்.